“அவரிடம் போன யாரும் சாகவில்லை”: நாய்க்கடிப் பச்சிலையை எடைபோடுவது எப்படி?

கேள்வி சுருக்கமாக இது. தேவிபட்டினம் பக்கம் கடலோர ஊர். கருவாடு காயப்போடும் இடத்தில் 9 வயதுப் பையனை நேற்று மாலை ஒரு நாய் கெண்டைக்காலில் கடித்து ரத்தம் வந்திருக்கிறது. பக்கத்து ஊர்ப் பெரியவர் ஒருவர் மூன்று நாள் வெறும் வயிற்றில் பச்சிலை உருண்டை கொடுத்து, 48 நாள் பத்தியம் சொல்வாராம். “நாப்பது வருஷமா பாக்குறாரு, அவர்கிட்ட போன யாரும் சாகலை” என்று உறவுக்காரர்கள் சொல்கிறார்கள். பச்சிலை போதுமா, ஊசியும் வேண்டுமா, இரண்டும் சேர்ந்தால் ஒன்றை ஒன்று முறிக்குமா?

ஊசி வேண்டும், இன்றைக்கே வேண்டும். பெரியவரைப் பற்றிய பேச்சை நாளைக்கு வைத்துக்கொள்ளலாம். ஊசியைப் பச்சிலை தடுக்காது, பச்சிலையை ஊசி முறிக்காது. “ஊசி போட்டா மருந்து வேலை செய்யாது” என்று அங்கே சொன்னார்கள் என்றால், பையனின் உயிருக்கு ஆபத்து அந்த ஒரு வாக்கியத்தில்தான் இருக்கிறது. உருண்டையில் ஊமத்தை சேர்த்திருந்தால் அதைத் தொடவே வேண்டாம். நாக்கு வறண்டு, கண்பாவை விரிந்து, பிள்ளை பிதற்ற ஆரம்பிக்கும். அதைப் பார்க்கிற டாக்டருக்கு அது மூளைக்காய்ச்சலா விஷமா என்றே குழப்பம் வரும்.

முதலில் காயம். நேற்றே கழுவியிருந்தாலும், கழுவாமல் விட்டிருந்தாலும் இப்போது இன்னொரு முறை கழுவுங்கள். ஓடுகிற தண்ணீரில் சோப்புப் போட்டு 15 நிமிடம், கடிகாரத்தைப் பார்த்து. பெரும்பாலான வீடுகளில் இது ஒரு நிமிடத்தில் முடிந்துவிடுகிறது. வெறிநாய்க்கடிக் கிருமியின் மேல் ஒரு கொழுப்பு உறை இருக்கிறது; சோப்பு அந்த உறையைக் கரைத்துக் கிருமியைச் சாகடிக்கும். நம் கடற்கரைக்கே உரிய சிக்கல் ஒன்று இங்கே உண்டு. போர்த்தண்ணீர் உப்பாக இருக்கும், அதில் குளியல் சோப்பு நுரைக்காமல் திரிதிரியாகப் போகும். அந்தத் தண்ணீரில் ஷாம்பு நுரைக்கும், துணி துவைக்கிற பவுடரும் நுரைக்கும். ஒரு ஷாம்பு பாக்கெட்டை உடைத்து ஊற்றி, கையில் கிடைக்கிற உப்புத்தண்ணீராலேயே முழு நேரமும் கழுவுங்கள். கடைசியாகக் குடிதண்ணீர் ஒரு சொம்பு ஊற்றினால் போதும். விலைக்கு வாங்கிய குடத்துத் தண்ணீரை மிச்சம் பிடிக்கிறோம் என்று கழுவுவதைச் சுருக்கிவிடக் கூடாது. வெறும் கடல்நீரில் காலை முக்கி எடுத்தால் உப்பு எரியும், கிருமி அப்படியே இருக்கும். கழுவிய பிறகு போவிடோன் அயோடின் இருந்தால் தடவுங்கள்.

மிளகாய்த்தூள், சுண்ணாம்பு, மஞ்சள், எருக்கம்பால், காப்பித்தூள் எதுவும் வேண்டாம். அவை சதையைப் புண்ணாக்கும், பிறகு ஏற்ற வேண்டிய மருந்து உள்ளே பரவாமல் தடுக்கும். கட்டுப் போட வேண்டாம். தையலும் உடனே போடக் கூடாது. காயம் பெரிதாக வாய் பிளந்திருந்து போட்டே ஆக வேண்டும் என்றால், கீழே சொல்கிற எதிர்ப்பு மருந்தை ஏற்றிய பிறகு தளர்வாக ஒன்றிரண்டு.

கடியை மருத்துவமனையில் மூன்று வகையாகப் பிரிப்பார்கள். நாய் தோலை நக்கியது, தோலில் கீறல் இல்லை என்றால் ஒன்றாம் வகை, ஊசி வேண்டாம். ரத்தம் வராத சின்னப் பிராண்டல் இரண்டாம் வகை, தடுப்பூசி மட்டும். தோல் கிழிந்து ரத்தம் வந்தாலோ, இருக்கிற புண்ணையோ வாயையோ கண்ணையோ நாய் நக்கினாலோ மூன்றாம் வகை. உங்கள் பையன் மூன்றாம் வகை. அவனுக்குத் தடுப்பூசி ஒன்று, காயத்துக்குள்ளேயே ஏற்றுகிற எதிர்ப்பு மருந்து ஒன்று, ஆக இரண்டு வேண்டும். இந்த இரண்டாவதுதான் அடிக்கடி விட்டுப்போகிறது.

அது ஏன் முக்கியம் என்றால், தடுப்பூசி உடம்பைப் பழக்கி எதிர்ப்புச் சக்தியை உண்டாக்க 7 முதல் 14 நாள் ஆகும். அதுவரை காயத்தில் கிடக்கிற கிருமியை யார் பார்ப்பது? முன்பே தயாரித்த எதிர்ப்புப் பொருளான இம்யூனோகுளோபுலினை நேராகக் காயத்தில் ஏற்றுவது அதற்காகத்தான். குதிரையிலிருந்து எடுத்தது என்றால் எடைக்குக் கிலோவுக்கு 40 யூனிட், மனிதரிடமிருந்து எடுத்தது என்றால் 20 யூனிட். பையன் 24 கிலோ என்றால் குதிரை மருந்தில் 960 யூனிட். மில்லிலிட்டருக்கு 300 யூனிட் உள்ள குப்பியில் அது 3.2 மி.லி. காயத்துக்குள்ளும் ஓரங்களிலும் எவ்வளவு ஏற்ற முடியுமோ அவ்வளவும் ஏற்ற வேண்டும். புட்டத்தில் ஒரு குத்துக் குத்தி “முடிந்தது” என்றால் வேலை முடியவில்லை என்று அர்த்தம். “காயத்துல போடுவீங்களா?” என்று கேட்பதில் தவறே இல்லை. முதல் தடுப்பூசி போட்டு 7 நாளுக்குள் இதைப் போட்டுவிட வேண்டும். அதற்குப் பிறகு பயனில்லை, உடம்பே தயாரிக்கத் தொடங்கிவிடும்.

தடுப்பூசி அரசு மருத்துவமனையில் தோலுக்குள் போடுவார்கள்: ஒவ்வொரு முறையும் இரண்டு புஜத்திலும் 0.1 மி.லி., முதல் ஊசி போடும் நாளை 0 என்று வைத்து 0, 3, 7, 28 ஆகிய நாட்களில். போட்ட இடம் பட்டாணி அளவுக்குப் புடைக்க வேண்டும். புடைக்காமல் மருந்து ஆழத்துக்குப் போய்விட்டால் நர்ஸே பக்கத்தில் இன்னொன்று போடுவார், பயப்படாதீர்கள். தனியாரிடம் தசையில் போட்டால் 0, 3, 7, 14, 28 என்று ஐந்து ஊசி, புஜத்தில். சின்னப் பிள்ளைக்குத் தொடையில். புட்டத்தில் ஒருபோதும் கூடாது, அங்கே கொழுப்பில் தங்கி மருந்து வீணாகும். ராமேஸ்வரம் தீவுப் பக்கத்தில் மலேரியாவுக்குக் குளோரோகுயின் சாப்பிட்டுக்கொண்டிருப்பவர் அதை டாக்டரிடம் சொல்ல வேண்டும். அந்த மாத்திரை தோலுக்குள் போடும் ஊசியின் பலனைக் குறைக்கும் என்பதால் அவருக்குத் தசையில் போடுவார்கள். கர்ப்பிணிக்கும் பால் கொடுக்கும் தாய்க்கும் தடை எதுவும் இல்லை. கடலுக்குப் போகிறவர் மூன்றாம் நாளோ ஏழாம் நாளோ படகில் இருக்கும்படி ஆகிவிட்டால், கரைக்கு வந்த அன்றே போட்டுக்கொண்டு மீதியைத் தொடர்ந்தால் போதும். முதலிலிருந்து ஆரம்பிக்க வேண்டியதில்லை. ஆனால் முதல் இரண்டு வாரமாவது கரையில் இருப்பது நல்லது.

பக்கத்து ஆரம்ப சுகாதார நிலையத்தில் தடுப்பூசி இருக்கும். இம்யூனோகுளோபுலினும் அங்கேயே இருக்கும் என்று நம்பி உட்கார வேண்டாம். முதல் ஊசியை அங்கே போட்டுக்கொண்டு அன்றே ராமநாதபுரம் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்குப் போய்விடுங்கள். ராமேஸ்வரத்திலிருந்து வருவதென்றால் 55 கிலோமீட்டர் அளவு, பாலம் தாண்டி வர வேண்டும். எங்கே இருப்பு இருக்கிறது என்று கிளம்பும் முன்பே அரசு சுகாதார உதவி எண்ணான 104-இல் கேட்டுப் பார்க்கலாம். டெட்டனஸ் ஊசியும் போடுவார்கள்.

நாய் கண்ணில் படுகிறது என்றால் ஊசியைத் தொடங்கிவிட்டு 10 நாள் கவனியுங்கள். நாயின் எச்சிலில் கிருமி வருவது அது நோயில் விழுவதற்குச் சில நாள் முன்புதான். ஆகவே கடித்து 10 நாள் கழித்தும் நாய் நல்லபடியாகச் சோறு தின்றுகொண்டிருந்தால் அந்தக் கடியில் கிருமி இல்லை. மீதி ஊசியை நிறுத்துவதா என்று டாக்டர் முடிவு செய்வார். கருவாட்டுக் களத்திலும் மீன் இறங்கும் ஜெட்டியிலும் இருபது நாய் சுற்றும். “அந்தச் செவலை நாய்தான்” என்று எல்லோரும் கை காட்டுவது எந்தச் செவலை என்பது யாருக்கும் தெரியாது. அப்படி இருந்தால் நாயை நம்பிக் காத்திருக்காதீர்கள்.

இனி பெரியவர் விஷயம். அவர் பொய் சொல்கிறார் என்று நான் சொல்லவில்லை. பெரும்பாலும் அவருக்கே அது உண்மையாகத்தான் தெரிந்திருக்கும். எப்படி என்று கணக்குப் போட்டுப் பார்ப்போம்.

வருஷத்துக்கு 50 பேர் அவரிடம் வருகிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். கடிக்கிற நாய் எல்லாம் வெறிநாய் இல்லை. குட்டியைக் காக்கக் கடிக்கும், மீன் தலைக்குச் சண்டை போடும்போது நடுவில் போனவரைக் கடிக்கும். இருபதில் ஒன்றுதான் வெறிநாய் என்றால் 50-இல் இரண்டரைப் பேர். வெறிநாயே கடித்தாலும், எந்தச் சிகிச்சையும் எடுக்காத எல்லோருக்கும் நோய் வந்துவிடாது. முகத்தில் கடித்தால் ஆபத்து மிக அதிகம், காலில் கடித்தால் குறைவு, எல்லாம் சேர்த்துச் சராசரியாக நூற்றுக்கு 15 முதல் 20 பேருக்கு வரும். ஐந்தில் ஒன்று என்றே பிடித்தாலும் வருஷத்துக்கு அரை ஆள், அதாவது இரண்டு வருஷத்தில் வந்த நூறு பேரில் ஒருவர். பெரியவர் சர்க்கரை உருண்டை கொடுத்திருந்தாலும் 99 பேர் பிழைத்திருப்பார்கள். அந்த 99-இலும் பாதிக் குடும்பம் சத்தமில்லாமல் ஊசியும் போட்டிருக்கும், வெளியே சொல்வது பச்சிலையை மட்டும்தான்.

அந்த ஒருவர் எங்கே? நோய் வெளிப்படப் பெரும்பாலும் ஒன்றிலிருந்து மூன்று மாதம் ஆகும், அபூர்வமாக ஒரு வருஷத்துக்கு மேலும் போகும். கிருமி ரத்தத்தில் ஓடுவதில்லை. கடிபட்ட இடத்து நரம்பில் ஏறி, ஒரு நாளைக்கு ஒரு சென்டிமீட்டரிலிருந்து பத்து சென்டிமீட்டர் வரை மூளையை நோக்கி நகரும். அந்தப் பயணம் முழுவதும் ஆள் நன்றாக இருப்பார்; மூன்று நாள் உருண்டையும் முடிந்திருக்கும், 48 நாள் பத்தியமும் பலருக்கு முடிந்திருக்கும். பிறகு பழைய கடிவாய் குறுகுறுக்கும், காய்ச்சல் வரும், தண்ணீரைப் பார்த்தால் தொண்டை இழுக்கும், விசிறிக் காற்றுப் பட்டால் நடுங்குவார். ஐந்தில் ஒருவருக்கு அந்த ஆர்ப்பாட்டம் எதுவும் இல்லாமல் கைகால் விழுந்து, வாதம் என்றே நினைத்துவிடுவார்கள். ஆள் திமிறுவதைப் பார்த்துப் பேய் என்று கோயிலுக்கோ தர்காவுக்கோ கொண்டுபோன பிறகு மதுரைக்கு ஓடுவார்கள். ஒரு வாரம், பத்து நாளில் முடிந்துவிடும். அந்தச் சாவை மூன்று மாதத்துக்கு முந்தைய நாய்க்கடியோடு யாராவது சேர்த்துப் பார்த்தால்தான் உண்டு. பார்த்தாலும் பெரியவர் வீட்டு வாசலில் போய்ச் சொல்ல யார் போகிறார்கள்? பிழைத்தவர்கள் வெற்றிலை பாக்கோடு வருகிறார்கள். அவர் கண்ணுக்குத் தெரிகிறவர்கள் எல்லோரும் உயிரோடு இருப்பவர்கள்தான்.

ஒருவேளை செய்தி வந்துவிட்டாலும் பத்தியம் காப்பாற்றும். 48 நாள் மீன் கூடாது, கருவாடு கூடாது, புளி கூடாது. ராமநாதபுரம் கடற்கரையில் எந்த வீட்டில் 48 நாள் மீன் வாசனை இல்லாமல் அடுப்பு எரியும்? பிழைத்தால் மருந்து, செத்தால் “பய மீன் தின்னுட்டான்”. எது நடந்தாலும் தோற்காத மருந்தைப் பார்த்தால் அதிலேயே சந்தேகம் வர வேண்டும். தடுப்பூசிக்கு அப்படி ஒரு தப்பிக்கும் வழி கிடையாது. மீன் தின்னலாம், முட்டை தின்னலாம், குளிக்கலாம்.

இதே கேள்வியை ஒரு காலத்தில் வெறிநாய்க்கடித் தடுப்பூசியை முதலில் உருவாக்கிய பிரெஞ்சு விஞ்ஞானி லூயி பாஸ்டரிடமும் கேட்டார்கள் என்பதைச் சொல்லியாக வேண்டும். 1885 ஜூலையில் ஜோசப் மெய்ஸ்டர் என்ற 9 வயதுப் பையனுக்கு அவர் ஊசி ஏற்பாடு செய்து, பையன் பிழைத்தான். பாரிஸில் மிஷேல் பீட்டர் என்ற மருத்துவர் எழுந்து, ஊசி இல்லாவிட்டாலும் பிழைத்திருப்பானோ என்னவோ, உனக்கு எப்படித் தெரியும் என்கிற விதமாகக் கேட்டார். நியாயமான கேள்வி. ஒரு பையனை வைத்து அதற்குப் பதில் இல்லை. நாய்களில் செய்த சோதனைகளும், பிறகு ஊசி போட்ட ஆயிரக்கணக்கானவர்களின் பட்டியலும்தான் பதில். வெறிநாய் கடித்தவர்களில் நூற்றுக்கு 16 பேர் அளவுக்குச் சாவார்கள் என்பது அப்போது கையில் இருந்த கணக்கு. ஊசி போட்டவர்களில் அது ஒன்றுக்கும் கீழே வந்தது. செத்தவர்களும் அந்தப் பட்டியலில் இருந்தார்கள். பெரியவரிடம் கேட்க வேண்டியதும் அந்தப் பட்டியலைத்தான்: யார் யார் வந்தார்கள், நாய் என்ன ஆயிற்று, ஊசியும் போட்டார்களா, ஒரு வருஷம் கழித்து எப்படி இருக்கிறார்கள். இப்போது இன்னும் சுருக்கமான வழியே இருக்கிறது. ரத்தத்தில் வெறிநாய்க்கடி எதிர்ப்புப் பொருளை அளக்கலாம், மில்லிலிட்டருக்கு 0.5 யூனிட் இருந்தால் போதிய பாதுகாப்பு என்று கொள்வார்கள். ஊசி போட்டவருக்கு இரண்டாம் வாரத்தில் அது வந்துவிடும். எந்த இலையாவது அதைக் கொண்டுவந்ததாக அளந்து காட்டினால் வாதம் அன்றோடு தீர்ந்தது.

ஹோமியோபதியில் வெறிநாய் எச்சிலிலிருந்து செய்ததாகச் சொல்லும் ஒரு மருந்து உண்டு. 30சி என்று போட்டிருந்தால் நூறில் ஒரு பங்காக முப்பது தடவை கரைத்தது என்று பொருள். பன்னிரண்டு தடவையைத் தாண்டினாலே மூலப்பொருளின் ஒரு மூலக்கூறு மிஞ்சுவதே சந்தேகம். அதற்குப் பச்சிலையே மேல், இலையாவது இருக்கும்.

இவ்வளவு தெரிந்தும் மக்கள் ஊசியை விட்டு ஓடுவதற்கு ஒரு பழைய காரணம் உண்டு, அதைக் கேலி செய்யக் கூடாது. “தொப்புளைச் சுத்திப் பதினாலு ஊசி” என்ற பயம் வெறும் கதை இல்லை. இமாச்சல மலையூரான கசௌலியில் 1911 வாக்கில் டேவிட் செம்பிள் உருவாக்கிய தடுப்பூசி ஆட்டு மூளையில் தயாரானது. வயிற்றில் நாள்தோறும் போட வேண்டும், வலிக்கும், வீங்கும். மூளைத்திசு கலந்திருந்ததால் சிலருக்கு அந்த ஊசியாலேயே கைகால் விழுந்தது. தொடக்க காலத்தில் அதற்காக ரயிலேறி, 1907-இல் தொடங்கிய குன்னூர் பாஸ்டர் நிலையம் வரை போக வேண்டியிருந்தது. அப்படிப்பட்ட நாளில் ராமநாதபுரத்துச் சம்சாரி பச்சிலைக்குப் போனதைக் குற்றம் சொல்ல எனக்கு மனம் வரவில்லை. அந்த ஆட்டுமூளை ஊசியை இந்தியா 2004 கடைசியோடு நிறுத்திவிட்டது. இப்போது இருப்பது செல்வளர்ப்பில் தயாரித்தது, புஜத்தில் போடுவது, அரசு மருத்துவமனையில் காசு கிடையாது. பயம் மட்டும் பழைய ஊசியுடையதாகவே இருக்கிறது.

“ஊசி போட்டும் செத்திருக்காங்களே?” என்பார்கள். ஆமாம், கேரளத்தில் 2025-இல் அப்படிச் சிறுவர்கள் இறந்த செய்திகள் வந்தன. மறைக்க வேண்டிய விஷயம் இல்லை. உலகம் முழுக்க இப்படி நடந்த சாவுகளை ஆராய்ந்தபோது திரும்பத் திரும்பத் தென்படுகிற காரணங்கள் சில: காயத்தைச் சரியாகக் கழுவவில்லை, ஊசி தாமதமானது, இம்யூனோகுளோபுலின் போடவே இல்லை, போட்டாலும் எல்லாக் காயத்திலும் ஏற்றவில்லை. முடிக்குள் மறைந்திருந்த ஒரு சின்னப் பல் தடத்தை விட்டுவிட்டாலே போதும். தலை, முகம், விரல் நுனியில் கடி என்றால் நரம்பு நெருக்கம், மூளைக்குத் தூரம் குறைவு, ஊசி வேலை செய்வதற்குள் கிருமி முந்திவிடலாம். மருந்து 2 முதல் 8 டிகிரிக் குளிரில் இருக்க வேண்டியது. வெயிலில் அலைந்திருந்தால் வீரியம் போகும். எல்லாம் சரியாகச் செய்தும் தோற்பது மிக மிக அபூர்வம், ஆனால் அறவே இல்லை என்று சொல்ல முடியாது. நோய்க்குறி தொடங்கிவிட்ட பிறகோ எந்த மருத்துவத்திலும் வழி இல்லை. 2004-இல் அமெரிக்காவில் ஜீனா கீஸ் என்ற பெண்ணை மருந்தால் ஆழ்ந்த மயக்கத்தில் வைத்துச் சிகிச்சை செய்தார்கள், தடுப்பூசி இல்லாமலே பிழைத்தார். அதே முறையை மற்ற நோயாளிகளுக்குச் செய்து பார்த்தபோது அது நம்பும்படி பலிக்கவில்லை. வருஷத்துக்கு 59,000 பேர் அளவுக்கு உலகில் இந்நோயால் சாகிறார்கள் என்பது உலக சுகாதார நிறுவனம் சொல்லிவரும் மதிப்பீடு. பாதிக்கப்படுகிறவர்களில் நூற்றுக்கு 40 பேர் 15 வயதுக்குக் கீழ்.

நாய்க்கடியில் நீண்ட காத்திருப்பு பொய்ச்சாட்சி சொல்கிறது என்றால், மற்ற கொல்லும் நோய்களுக்கும் அவையவற்றுக்கென்று ஒரு பொய்ச்சாட்சி உண்டு. அதைத் தெரிந்து வைத்துக்கொண்டால் எந்த ஊரில் எந்தக் கஷாயத்தைப் பற்றிச் சொன்னாலும் நீங்களே எடைபோடலாம்.

மலேரியாவை முறைக்காய்ச்சல் என்று சும்மா சொல்லவில்லை. விவாக்ஸ் வகையில் குளிரும் காய்ச்சலும் ஒரு நாள் விட்டு ஒரு நாள் வரும். காய்ச்சல் அடிக்கிற அன்று கஷாயம் குடித்தால் மறுநாள் ஆள் எழுந்து வலை பார்க்கப் போய்விடுவார். கஷாயம் கேட்டது என்றுதான் தோன்றும். அதற்கு மறுநாள் திரும்ப வந்தால் “இன்னொரு வேளை குடி”. இந்த வகைக் கிருமி ஈரலில் உறங்கி மாதங்கள் கழித்தும் எழும். அதைத் தீர்க்கத்தான் 3 நாள் குளோரோகுயினுக்கு மேல் 14 நாள் பிரைமாகுயின் கொடுக்கிறார்கள். ஃபால்சிபாரம் வகை அவ்வளவு அவகாசம் தராது, சில நாளில் மூளைக்கு ஏறிவிடும். எந்த வகை என்பதை நாடி பிடித்துச் சொல்ல முடியாது, விரல் நுனியில் ஒரு சொட்டு ரத்தம் எடுத்தால் தெரியும்.

டெங்குவில் நடப்பது இன்னும் வஞ்சகமானது. மூன்றாம் நாளிலிருந்து ஏழாம் நாளுக்குள் காய்ச்சல் தானாக இறங்கும். வீட்டில் எல்லோரும் நிலவேம்புக்கு நன்றி சொல்லும் அந்த ஒன்றிரண்டு நாள்தான் ரத்தக்குழாயிலிருந்து நீர் கசிந்து ரத்த அழுத்தம் விழுகிற நேரம். வயிறு விடாமல் வலிப்பது, ஓயாத வாந்தி, ஈறில் ரத்தம், கைகால் சில்லிடுவது, பிள்ளை சோர்ந்து கிடப்பது, சிறுநீர் குறைவது, இதில் எது வந்தாலும் காய்ச்சல் இல்லையே என்று இருந்துவிடாமல் 108-ஐக் கூப்பிட வேண்டும். பப்பாளி இலைச்சாறு தட்டணுவை ஏற்றிய கதையும் இப்படித்தான். ஆறு ஏழு நாளில் குறைந்து பிறகு தானே ஏறுவது அதன் வழக்கம். நிலவேம்பு குடிப்பதால் குடி முழுகிவிடாது. குடித்துவிட்டோம் என்று ஆளைக் கவனிக்காமல் விடுவதால்தான் முழுகும்.

காசநோயில் மாத்திரை ஆரம்பித்து ஒன்றிரண்டு மாதத்தில் இருமல் நிற்கும், எடை ஏறும். அப்போது “மாத்திரை ஈரலைக் கெடுக்கும், லேகியத்துக்கு மாறு” என்று ஒருவர் சொல்வார். மாறிய பிறகும் கொஞ்ச நாள் ஆள் நன்றாகத்தான் இருப்பார், பெயர் லேகியத்துக்குப் போகும். மிஞ்சிய கிருமி மருந்துக்கு அடங்காததாகத் திரும்பலாம். சாதாரண வகைக்கு ஆறு மாதம்: முதல் இரண்டு மாதம் நான்கு மருந்து, அடுத்த நான்கு மாதம் மூன்று மருந்து. நல்ல காற்றும் சத்தான சாப்பாடும் ஓய்வும் போதும் என்ற பழைய நம்பிக்கையைச் சோதித்ததும் நம் சென்னையில்தான். 1956-இல் தொடங்கிய ஆய்வில், சானடோரியம் என்ற காசநோய் விடுதியில் முட்டையும் பாலும் ஓய்வுமாக இருந்தவர்களும், நெரிசலான வீட்டில் அரைகுறைச் சாப்பாட்டோடு இருந்தவர்களும், ஒரே மருந்தைச் சாப்பிட்டபோது ஏறக்குறைய ஒரே அளவில் குணமானார்கள். அதன் பிறகுதான் உலகம் காசநோயாளியை வீட்டிலேயே வைத்துப் பார்க்கத் துணிந்தது. சாப்பாடு தேவை, அரசும் மாதம் 1,000 ரூபாய் தருகிறது; ஆனால் கிருமியைக் கொல்வது மாத்திரை.

மூலிகை என்றாலே குப்பை என்பது என் கட்சி இல்லை. மலேரியாவுக்கான பழைய மருந்து கொய்னா வந்தது சிங்கோனா மரப்பட்டையிலிருந்து, நீலகிரியிலேயே தோட்டம் போட்டார்கள். மலேரியாவுக்கு இன்று உலகமே தரும் ஆர்டிமிசினின் ஒரு சீனப் பூண்டிலிருந்து வந்தது. சீன விஞ்ஞானி தூ யூயூ அந்தப் பூண்டைக் கொதிக்க வைத்தபோது வேலை செய்யவில்லை, கொதிக்காமல் ஈதரில் குறைந்த சூட்டில் சாறு இறக்கியபோது செய்தது. 1971-இல் 191-ஆம் மாதிரி எலிகளில் கிருமியை முழுதாகத் துடைத்தது. 2015-இல் நோபல் பரிசு. அந்த 191-க்கு முன்னால் தோற்ற மாதிரிகளையும் எழுதி வைத்தார்கள் என்பதுதான் அவர்களுக்கும் ‘யாரும் சாகலை’ என்பவர்களுக்கும் உள்ள வித்தியாசம். ஆரம்ப சுகாதார நிலைய வளாகத்திலேயே சித்த மருத்துவப் பிரிவு இருக்கிற ஊர்கள் உண்டு. மூட்டுவலிக்கு அங்கே போங்கள், அவரும் நாய்க்கடியை அடுத்த அறைக்குத்தான் அனுப்புவார். காசநோயைக் குணப்படுத்துவதாக நோட்டீஸ் அடிப்பதே 1954-ஆம் ஆண்டுச் சட்டப்படி குற்றம். அப்படி ஒரு நோட்டீஸைப் பார்த்தால் அதுவே போதுமான அடையாளம்.

பெரியவரை எதிர்த்துப் பேசி உறவைக் கெடுத்துக்கொள்ள வேண்டாம். “ஊசி போட்டுட்டோம்யா, நீங்க ஒரு வார்த்தை சொன்னா மத்தவங்களும் முதல்ல சோப்புப் போட்டுக் கழுவிட்டு ஆஸ்பத்திரிக்குப் போவாங்க” என்று சொல்லிப் பாருங்கள். அவர் பேச்சுக்கு ஊரில் மதிப்பு இருக்கிறது, அந்த மதிப்பு ஊசிக்குத் துணையாக வந்தால் நல்லதுதானே.

மருத்துவமனையில் தரும் ஊசிச் சீட்டைப் பிளாஸ்டிக் உறையில் போட்டு வையுங்கள், உப்புக்காற்றில் காகிதம் சீக்கிரம் நைந்துபோகும். நான்கு தவணையும் முடித்த பிறகு பையனை மறுபடி நாய் கடித்தால், சீட்டைக் காட்டினால் 0, 3 ஆகிய இரண்டு நாள் ஊசி போதும், இம்யூனோகுளோபுலின் தேவையில்லை. 15 நிமிடக் கழுவல் மட்டும் அப்போதும் உண்டு.